காதுக்கும் நெஞ்சுக்கும் ஒரே வாசல்

என் அழைப்புகளை ஏற்காமலும், அனுப்பிய செய்திகளைத் திறவாமலும் இருக்கின்ற என் மகனுக்கு,

வளைகாப்பு முடிந்து இன்றோடு பதினொரு நாட்கள் ஆகின்றன. முதல் வளையலை நானே இட வேண்டும் என்று விரும்பியவள் உன் மனைவி. கணவனை இழந்தவள் வளையல் இடலாகாது என்று கூட்டத்தில் ஒருத்தி முணுமுணுத்தது அவள் செவியில் விழுந்துவிட்டது. மணையில் அமர்ந்திருந்த ஏழு மாதக் கர்ப்பிணி நிமிர்ந்து, "எங்க அத்தை போட்டாதான் நான் கைய நீட்டுவேன்" என்றாள். அவளுடைய தாய், அதாவது என் தம்பியின் மனைவி, முகமெல்லாம் மலர்ந்து வளையல் தட்டை என் முன் நீட்டினாள். "அண்ணி, நல்லா குலுக்கிப் போடுங்க. உள்ள கீற கொயந்தைக்குக் கேக்கணும்." சுற்றியிருந்த பெண்கள் அனைவரும் தத்தம் கைகளைக் குலுக்கத் தொடங்கினார்கள். அந்த ஓசைக்கு நடுவில் உன் மனைவி சிரித்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னாள். முந்தின நாள் தெருவில் யாரோ சரவெடி கொளுத்தியதாகவும், வீடே அதிர்ந்ததாகவும், வயிற்றுக்குள் இருப்பது மட்டும் அசையவே இல்லை என்றும் சொன்னாள். "ரொம்ப அமைதி அத்தை. நம்ம ஊட்ல யார மாரியும் இல்ல." எல்லோரும் சிரித்தார்கள். நான் கையில் எடுத்திருந்த வளையல்களைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டேன். "என்னால் இயலாது" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டேன். கதவுக்கு வெளியே நின்று நீ சொன்னது எனக்குத் தெளிவாகவே கேட்டது. "இன்னாமா, அக்காவுக்கு வந்த அம்மன் இப்ப உனுக்கு வந்துக்கீதா?"

அந்தக் கேள்விக்குரிய விடையே இக்கடிதம். வந்தவர்கள் அனைவரும், நான் கைம்பெண் என்பதால் கூச்சப்பட்டு விலகினேன் என்று தாமாகவே முடிவு செய்து, என்மீது இரக்கமும் காட்டிவிட்டுப் போனார்கள். நான் அதை மறுக்கவில்லை. பொய் சொல்லாமலேயே பொய்யின் பலனை அனுபவிப்பது எனக்குப் பழகிப்போன ஒன்று என்பதை, இதைப் படித்து முடிக்கும்போது நீ அறிவாய். கடிதத்தின் கைப்படியை, இப்போது நீ தங்கியிருக்கும் உன் மாமன் வீட்டு முகவரிக்கு இன்றே பதிவுத் தபாலில் சேர்க்கிறேன். நம் ஊர் நூலகத்து வாசகர் இதழில் என் கட்டுரைகளுக்கென ஒதுக்கும் பக்கங்களையும் இம்முறை இதற்காகவே கேட்டு வாங்கியிருக்கிறேன். வீட்டுக்குள் பேச வேண்டியதை ஊருக்கு ஏன் சொல்கிறாய் என்று நீ சினப்பாய். காரணம் இருக்கிறது. கோயில் வாசலில் அன்று குடம் எடுத்த கைகள் இன்னும் குடம் எடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டியைச் சுற்றிய ஊர்களில் சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வீடுகள் குறையவில்லை. அவற்றுள் ஏதேனும் ஒரு வீட்டில், காது கேளாத குழந்தை ஒன்று அடிக்கடி மயங்கி விழுந்துகொண்டிருக்கலாம். வெளியாருக்காக உன் மனைவியைத் தீபா என்று குறிப்பிடப் போகிறேன். அது அவள் பெயரன்று. உன் அக்காவின் பெயரை மாற்ற மட்டும் என் கை எழவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, பதினேழு வயதில் என் தாயின் தம்பிக்கு மணமுடிக்கப்பட்டவள். மாமன் கைக்குப் போனால் பெண் கலங்கமாட்டாள் என்றார்கள், நான் கலங்கவுமில்லை. உன் அப்பா இரும்புருக்கு ஆலையில் கிரேன் இயக்கினார். நான் தொழிற்பேட்டையில் போல்ட்டுகளை எண்ணிப் பெட்டியிலிடும் வேலைக்குச் சென்றேன். பவானி பிறந்து ஒன்றரை ஆண்டுகள் ஆகும்வரை அவளுக்குக் காது கேளாது என்பது எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகு உறவினர்கள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். நம் வீடு ஆலையின் பின்மதிலை ஒட்டியிருந்தது உனக்கு நினைவிருக்கும். உலை எரியத் தொடங்குவதற்கு முன்பே அவள் சுவரில் உள்ளங்கையை வைத்து, கண்களை என் பக்கம் திருப்பித் தலையசைப்பாள். சிறிது நேரம் கழித்துத்தான் அந்த உறுமல் நம் காதுகளை எட்டும். கேளாதவள் நமக்கு முன்னதாக அறிந்தாள் என்பது முதலில் எனக்கு அச்சமாக இருந்தது. பின்னர் அதுவே பெருமையாக மாறியது. அந்த மாற்றத்திலிருந்துதான் என் குற்றம் தொடங்குகிறது.

அவளுக்கு ஆறு வயதானபோது, பக்கத்து வயலின் பம்புசெட்டுத் தொட்டியில் குளிப்பாட்ட அழைத்துச் சென்றேன். நீ அப்போது கைக்குழந்தை. குழாயிலிருந்து பீறிட்ட குளிர்ந்த நீர் தலையில் பட்டதும் அவள் விறைத்து, தொட்டிக்குள்ளேயே சாய்ந்தாள். கண்கள் திறந்திருந்தன, ஆனால் அவற்றுள் யாரும் இல்லை. தூக்கிக் கரையில் கிடத்தினோம். சிறிது நேரத்தில் மூச்சை ஆழ இழுத்து எழுந்தமர்ந்தாள். எழுந்தபோது அவளுடைய இரு கைகளும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. குளிரில் சேர்ந்திருக்கலாம். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த மூத்த பெண்ணொருத்தி அதைக் கும்பிடு என்று கண்டாள். அடுத்த முறை பவானி ஓடி விளையாடுகையில் விழுந்தபோது அந்த மூத்தவளே வீடு தேடி வந்து எனக்கு விளக்கினாள். "உனுக்கு ஒண்ணும் புரியலமே. மன்சங்க பேச்சு கேக்கக்கூடாதுன்னுதான் அம்மன் அந்தக் காத மூடி வச்சிக்கினா. அவ பேசறதுக்கு மட்டும் தொறப்பா." மகனே, அந்த வாக்கியம் என்னை எப்படி ஆட்கொண்டது என்பதை நீ எண்ணிப் பார்க்க வேண்டும். ஊமைப் பிள்ளையைப் பெற்றவள் என்று ஒதுக்கப்பட்டிருந்தேன். ஒரே நாளில் தெய்வம் இறங்கும் மேனியைப் பெற்றவள் ஆனேன். அதுவரை என் வாசலைத் தாண்டிப் போனவர்கள் எலுமிச்சம்பழத்தோடு உள்ளே வந்தார்கள். மகளுக்கு வரன் அமையுமா, காணாமற்போன கணவன் திரும்புவானா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள். அவள் என்ன செய்தாலும் அதற்குப் பொருள் சொல்லும் பொறுப்பு எனக்குரியதாயிற்று. நான் நன்றாகவே பொருள் சொன்னேன்.

எனக்கு எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் உண்டு. போல்ட்டுகளை எண்ணி எண்ணி வந்த பழக்கமாகவும் இருக்கலாம். அம்மன் வருகைகளைப் பதிவு செய்ய நீளமான கோடிட்ட நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் "அருள் வந்த நாட்குறிப்பு" என்று தலைப்பிட்டேன். எந்த மாதம், எந்தப் பொழுது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரத்தில் எழுந்தாள் என்று எதையும் விடாமல் எழுதினேன். ஆவணி மாதம், முற்பகல்: ஏரியில் இறங்கிய மாத்திரத்தில் சாய்ந்தாள், நான் நாற்பது எண்ணுவதற்குள் எழுந்தாள். தை மாதம், பிற்பகல்: நாய் துரத்தியதால் ஓடினாள், வாசற்படியில் விழுந்தாள், உதடுகள் நீலமாயின. பங்குனி, காலை: தம்பி பின்னாலிருந்து தோளைத் தொட்டான், திடுக்கிட்டுத் திரும்பினாள், அப்படியே சரிந்தாள். அந்தத் தம்பி நீதான். எட்டு ஆண்டுகளில் முப்பத்தொரு பதிவுகள். இன்று அந்த நோட்டைத் திறந்தால், அடுத்த அறையில் யாரோ நின்று என் கையெழுத்தில் எனக்கே தகவல் சொல்லிக்கொண்டிருப்பது போலத் தோன்றுகிறது. ஒவ்வொரு வரியிலும் அது சொல்லப்பட்டிருக்கிறது. எழுதிய எனக்கு மட்டும் அது கேட்கவில்லை.

ஆடி மாதம், கூழ் வார்க்கும் நாள். அவளுக்குப் பதினான்கு வயது, உனக்கு எட்டு. அந்த ஆண்டு மழையில்லை. ஊர் முழுவதும் அவளிடம் வாக்குக் கேட்க விரும்பியது. தானாக வரும்வரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. மஞ்சள் கரைத்து வேப்பிலையிட்ட நீரை ஏழு குடங்களில் நிறைத்து, கோயில் முன் நிழலில் வைத்திருந்தார்கள். தண்ணீர் பட்டால் அவளுக்கு வரும் என்று ஊருக்குச் சொன்னவள் நான். என் நோட்டைப் பார்த்துத்தான் சொன்னேன். அவள் வர மறுத்தாள். வீட்டுக் கதவைப் பற்றிக்கொண்டு நின்றாள். பிறகு, அவளுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த சைகைப் பேச்சில் ஒன்றைச் சொன்னாள். வலக்கையை நெஞ்சின்மேல் வைத்து, விரல்களை வேகவேகமாக மூடித் திறந்தாள். ஒரே சீராகத் தொடங்கி, பின் தாறுமாறாக, பின் ஒரேயடியாக நிறுத்தி, விரித்த கையை என் முகத்துக்கு நேரே காட்டினாள். இருமுறை செய்துகாட்டினாள். அதன் பொருள் எனக்குப் புரியவில்லை என்று இத்தனை ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். உள்ளே ஏதோ ஓடுகிறது, தடுமாறுகிறது, நிற்கிறது என்று அவள் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. வாசலில் காத்திருந்த பெண்கள், "இன்னாமே சொல்லுது?" என்று கேட்டார்கள். "அம்மன் நெஞ்சுல எறங்கறாளாம்" என்று மொழிபெயர்த்தேன். அவர்கள் குலவையிட்டார்கள். என் மகள் என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது குடத்தில் விழுந்தாள். பறை உச்சத்துக்குப் போயிற்று. எல்லோரும் வழி விட்டு விலகி நின்று, அவள் எழுந்து கைகூப்புவதற்காகக் காத்திருந்தார்கள். அருள் வந்த மேனியைத் தொடலாகாது என்பது முறை. நீ மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவள் கையைத் தொடக் குனிந்தாய். உன் மேற்கையைப் பற்றி இழுத்தவள் நான். "தொடக்கூடாதுடா, அம்மன் கீறா" என்று சொன்னவள் நான். உச்சி வெயில். கற்பூரம் முழுவதும் எரிந்து முடிந்தது, மறுபடியும் ஏற்றினார்கள். பறையடித்தவர்கள் கை சலித்து நிறுத்தினார்கள். அப்போது சூழ்ந்த அமைதியை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. நூறு பேர் நின்றிருந்தும் ஒரு வளையல்கூட ஒலிக்கவில்லை. நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், நோட்டில் எழுதுவதற்காக. முந்நூறு வரை எண்ணினேன்.

அம்மன் தன்னோடு அழைத்துக்கொண்டாள் என்றார்கள். அங்கே அவளுக்கு ஒரு கல்லும் நட்டார்கள். உன் அப்பா மட்டும் அந்தக் கல்லின் பக்கம் ஒருபோதும் போகவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து மஞ்சள்காமாலையில் அவரும் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு நீ படித்தாய். உன்னோடு நானும் படித்தேன். உன் பாடநூல்கள் ஒவ்வொன்றையும் உனக்கு முன்பே படித்து முடிப்பது என் வழக்கமாக இருந்தது. ஆசிரியர் எவரும் எனக்கு வாய்த்ததில்லை. எனக்கு வாய்த்தவை வீட்டில் ஒரு மேசையும், நூலகத்து அகராதியும் மட்டுமே. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பட்டாணிச் செடியைப் பற்றிய பக்கம் ஒன்று வரும். பூவின் ஊதா நிறம், விதையுறையின் பழுப்பு, இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்திலுள்ள கறை என மூன்றையும் ஒரே மரபணு தீர்மானிக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. ஒரு மரபணுவுக்கு ஒரு வேலை என்று அதுவரை எண்ணியிருந்தேன். பூவைப் பார்த்தவனுக்கு, இலைக்கு அடியில் மறைந்திருக்கும் கறையும் தெரிந்துவிடுகிறது. ஏனெனில் அவை இரண்டல்ல. அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பால் உலை உறுமத் தொடங்கியது. எனக்குப் பின்னால் யாரோ சுவரிலிருந்து கையை எடுத்ததாக உணர்ந்தேன். திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. என் மகளின் காது கேளாமையும் அவள் மயங்கி விழுந்ததும் இரண்டல்லவென்றால்? இந்தக் கேள்வியை எந்த மருத்துவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாகவே கேட்டுக்கொண்டேன். அதில் எனக்கு இன்றும் ஒரு செருக்கு உண்டு. அதை மறைத்தால் இக்கடிதமும் பொய்யாகிவிடும்.

உனக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்த வாரத்தில், நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு சென்னைக்கு மின்சார ரயில் ஏறினேன். இதய நோய்களைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரைச் சந்தித்தேன். என் வயதையொத்த பெண். முப்பத்தொரு பதிவுகளையும் ஒன்று விடாமல் படித்தார். வெளியே காத்திருந்த நோயாளிகள் இருமுறை கதவைத் தட்டியும் அவர் நிமிரவில்லை. "இதுல ஒண்ணு கவனிச்சீங்களாம்மா?" என்று கடைசியில் கேட்டார். "தண்ணியில விழுந்திருக்கா. ஓடும்போது விழுந்திருக்கா. பயந்தப்போ, கோவப்பட்டப்போ விழுந்திருக்கா. சும்மா உக்காந்திருந்தப்போ ஒரு தடவைகூட விழல." பிறகு ஒரு தாளின் பின்புறத்தில் ஒரு காதையும் ஓர் இதயத்தையும் வரைந்து, இரண்டிலும் ஒரே வடிவில் ஒரு சிறு வாசலைக் குறித்தார். உடம்பின் செல்களில் பொட்டாசியம் என்னும் உப்புக்கூறு போய்வர வாசல்கள் உண்டாம். உட்செவியில் நிறைந்திருக்கும் நீரில் அந்த உப்பைச் சேர்ப்பதற்கும், இதயம் ஒவ்வொரு முறை துடித்த பிறகும் அதை வெளியேற்றி அடுத்த துடிப்புக்கு ஆயத்தப்படுத்துவதற்கும் ஒரே மரபணு வகுக்கும் வாசல்தான் பயன்படுகிறதாம். நம் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவனே முதல் ஷிப்டில் ஓர் ஆலைக்கும் இரண்டாம் ஷிப்டில் மற்றோர் ஆலைக்கும் செல்வதுண்டல்லவா? அவன் படுத்துவிட்டால் இரண்டு ஆலைகளிலும் பொறி நிற்கும். ஒன்றில் நின்றது உடனே தெரியும். மற்றொன்றில் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். பவானிக்கு அந்த மரபணுவின் பழுதுபட்ட படி, அதாவது நகல், ஒன்று உன் அப்பாவிடமிருந்தும், இன்னொன்று என்னிடமிருந்தும் வந்திருக்கக்கூடும் என்றார். ஒரு படி மட்டும் பழுதானவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அவருக்கே எதுவும் தெரியாது. அந்தப் பிழை நம் குடும்பத்தில் எத்தனை தலைமுறையாக ஒலியெழுப்பாமல் நடந்து வந்திருக்கிறதோ, யார் அறிவார்? தாய்மாமனும் அக்காள் மகளும் மணந்துகொண்ட வீட்டில் அது தன்னைத்தானே சந்தித்துக்கொண்டது.

நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் குடத்துத் தண்ணீர்தானா என்று கேட்டேன். அவர் நேராக விடை சொல்லவில்லை. "நீங்க தெரிஞ்சு பண்ணலம்மா" என்றார். காது கேளாத பிள்ளைக்கு ஓர் இ.சி.ஜி. எடுத்திருந்தால் போதும், இதயத்தின் ஓட்டத்தை அடக்கி வைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன, நீரிலும் ஓட்டத்திலும் கவனமாக இருந்து எத்தனையோ பிள்ளைகள் வளர்கிறார்கள் என்றும் சொன்னார். வீட்டிலுள்ள எல்லோரையும், குறிப்பாக மகனை, உடனே அழைத்து வரச் சொன்னார். சொந்தத்துக்குள் பெண் எடுக்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முன் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்று இருமுறை சொன்னார். "புரிஞ்சுதா?" என்று கேட்டார். "முற்றிலும் விளங்கிற்று" என்று விடை சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து, எவரிடமும் எதையும் சொல்லவில்லை. இதுவே நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது. மற்றவை எல்லாம் இதற்கு முன்னுரை. சொல்லியிருந்தால் குடங்களைப் பற்றிச் சொல்ல நேர்ந்திருக்கும். நெஞ்சின்மேல் மூடித் திறந்த அந்தக் கையைப் பற்றியும் சொல்ல நேர்ந்திருக்கும். நான் இழுத்த உன் மேற்கையை நீ தடவிப் பார்த்திருப்பாய். அம்மன் அழைத்துக்கொண்ட பெண்ணின் தாயாக இருப்பது, தண்ணீர் ஊற்றிய தாயாக இருப்பதைவிட எளிதாக இருந்தது. உனக்கு ஒரு குறையும் இல்லையே, நன்றாகக் கேட்கிறதே, காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்தில் ஏணி ஏறி இறங்குகிறாயே என்று சமாதானம் செய்துகொண்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நீ வந்து, மாமன் மகளைத்தான் மணப்பேன் என்றாய். சொல்வதற்கு அது கடைசி வாய்ப்பு. நானோ, என் பிறந்த வீட்டுப் பெண் என் வீட்டுக்கே வருகிறாள் என்று மகிழ்ந்து, தாம்பூலத் தட்டை என் கையாலேயே மாற்றிக்கொண்டேன். அந்த மகிழ்ச்சி பொய்யன்று. அன்று முழுவதும் எனக்கு மருத்துவரின் நினைவே வரவில்லை.

தீபாவுக்கு அந்தப் பிழை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உனக்கும் அவ்வாறே. இருவருக்கும் இருந்தால்கூட, ஒவ்வொரு குழந்தைக்கும் இரு பழுதுபட்ட படிகளும் போய்ச் சேர்வதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புத்தான். வெடிச்சத்தத்துக்கு அசையாத குழந்தை உறங்கிக்கொண்டும் இருந்திருக்கலாம். அதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது என்று நூல்கள் சொல்கின்றன. நூல்களை நான் நம்புகிறேன். ஆனால் அன்று அத்தனை கைகள் குலுங்கிய ஓசைக்கு நடுவில், அந்த வயிற்றுக்குள் கோயில் வாசலில் கேட்ட அதே அமைதி இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதனால்தான் என் கையால் வளையல் இட முடியவில்லை. குழந்தைக்குக் கேட்கட்டும் என்று சொல்லி ஒலியெழுப்புவதற்கு, இந்த வீட்டில் கடைசியாக உரிமையுள்ளவள் நான்.

சமையலறையிலிருந்து வெளியே வந்த மறுநாளே பொன்னேரிக்குப் போய் எனக்கு இ.சி.ஜி. எடுத்துக்கொண்டேன். பிறருக்குச் சொல்வதை முதலில் தானே செய்ய வேண்டும் என்பதற்காகவே போனேன். எனக்கு ஒன்றுமிராது என்ற உறுதியோடுதான் படுத்தேன். ஐம்பத்தோரு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட மயங்கி விழுந்ததில்லை. எடுத்த பெண் தாளைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இருங்கம்மா" என்று உள்ளே போனாள். திரும்பி வந்து இன்னொரு முறை எடுத்தாள். துடிப்பு எழுந்த பிறகு அடங்குவதற்கு ஆகும் நேரம் எனக்கு இருக்க வேண்டியதைவிடச் சற்று நீளம் என்று அங்கிருந்த மருத்துவர் அளந்து காட்டினார். ஒரு படிப் பிழை உள்ளவர்களிடம் இப்படிக் காணப்படுவதுண்டாம். குருதிச் சோதனைதான் உறுதி செய்யும். அந்தத் தாள் இப்போது என் முன்னே இருக்கிறது. சிறு சிறு கட்டங்களின்மேல் ஒரு கோடு எழுகிறது, தாழ்கிறது, தயங்குகிறது. அந்தத் தயக்கம் எனக்கு முன்பே தெரிந்த ஒன்று. அந்த விரல்களில் அதை நான் பார்த்திருக்கிறேன். நான் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு கணத்திலும் என் மகள் சொன்னது என் நெஞ்சுக்குள்ளேயே நிகழ்ந்துகொண்டிருந்திருக்கிறது.

உனக்கும் தீபாவுக்கும், என் தம்பிக்கும், திருவள்ளூர் அரசு மருத்துவமனையில் வருகின்ற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இ.சி.ஜி. எடுக்கப் பேசி வைத்திருக்கிறேன். மேற்கொண்டு குருதிச் சோதனை தேவையானால், சென்னையில் அதே மருத்துவர் இன்னும் இருக்கிறார். என்னை நினைவில் வைத்திருந்தார், ஏன் இத்தனை ஆண்டுகள் என்று கேட்டார், நானும் சொன்னேன். குழந்தை பிறந்தவுடன் காதையும் இதயத்தையும் சேர்த்தே பார்க்கச் சொல். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை விட்டுவிட எவரையும் அனுமதிக்காதே. அதற்குக் கேளாது என்று தெரிய வந்தால், அதைச் சாபம் என்று சொல்பவர்களையும் வரம் என்று சொல்பவர்களையும் ஒருசேர வாசலிலேயே நிறுத்து. இரண்டாம் கூட்டம் இனிமையாகப் பேசும். அதனிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. குழந்தைக்குக் கைப்பேச்சு கற்றுக்கொடு; தீபாவும் நீயும் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். அது தன் உடம்பைப் பற்றி ஏதேனும் சொன்னால், சொன்ன சொல்லுக்கு வேறு பொருள் தேடாதே. சொன்னதை அப்படியே நம்பு. எனக்குத் தெரிந்த வளர்ப்பு முறை இவ்வளவுதான். இதை நான் செய்யத் தவறியதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. நீ என்மேல் கொள்ளப்போகும் கோபம் நியாயமானது. அதில் ஒரு துளியைக்கூடக் குறைத்துக்கொள்ளும்படி நான் கேட்க மாட்டேன். எனினும் பவானியின் முப்பத்தொரு பதிவுகளில் நான்கு, அவள் சினந்த பொழுதுகளில் நேர்ந்தவை. உன் நெஞ்சுக்குள் எந்த வாசல் எப்படி இருக்கிறது என்று இன்னும் நமக்குத் தெரியாது. ஆகையால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படித்து முடித்ததும் எழுந்து வேகமாக வெளியே போகாதே. உட்கார். தீபாவைப் பக்கத்தில் அழைத்துக்கொள். திங்கட்கிழமை வரை உன் கோபத்தை எனக்காக ஒத்தி வை. அந்த அறைக்கு வெளியே ஒரு நீண்ட மரப்பலகை இருக்கிறது. ஒன்பது மணியிலிருந்தே அதில் நான் அமர்ந்திருப்பேன். உன் தாளைப் பார்த்து மருத்துவர், பயமில்லை என்று சொன்ன பிறகோ, மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகோ, வெளியே வா. அதன் பிறகு எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் சொல். நான் எழுந்து போகமாட்டேன். கடைசிச் சொல் வரைக்கும் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் அக்காவின் தாய்